கிழங்கும் மாத்திரையும்: செயற்கை ஓமோன் மருந்துகளின் வரலாற்றில் மெக்சிக்கோ விவசாயிகள்

1

எமது ஊர்களிலே மருந்துக்கடைக்குச் சென்று நொரெதிஸ்தரோன் மாத்திரை கேட்பவர்களுட் பலர் நோயாளர் அல்லர். கோயிற் கொடியேற்றமோ வீட்டுக் கலியாணமோ நெருங்கும்போது மாதவிடாயைச் சில நாட்கள் பின்தள்ளுவதற்காகத் தாய்மார் தம் பெண்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் மாத்திரை அது. தீட்டு என்ற பழைய கருத்துக்கு நவீன இரசாயனம் ஊழியம் செய்யும் இம்முரண்பாடு தனியே ஆராயத்தக்கது. மிகையான மாதவிடாய்ப் போக்கு முதலிய கோளாறுகளுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பதும் இதனையே. வேறோர் அளவில், பெரும்பாலும் வேறோர் ஓமோனுடன் சேர்த்து, உலகெங்கும் கருத்தடை மாத்திரையாக வழங்குவதும் இதுவே. இதன் மூலக்கூறு 1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி மெக்சிக்கோ நகரிலே முதன்முதலாக ஆக்கப்பட்டது. அதற்கு மூலப்பொருளாக அமைந்தது அந்நாட்டின் தென்கிழக்குக் காடுகளில் தானாகவே வளரும் ஒரு கிழங்கு. நாம் கூழாகவும் களியாகவும் உண்ணும் இராசவள்ளிக்கிழங்கு எந்தத் தாவரச் சாதியைச் சேர்ந்ததோ அதே சாதியைச் சேர்ந்தது அது. ஆனால் உண்பதற்கு உதவாதது.

ஓமோன் மருந்துகளின் வரலாறு பலவாறாக எழுதப்பட்டுள்ளது. இரசாயனவியலாளரின் வரலாறாக எழுதியோர் உளர். கம்பனிகளின் வளர்ச்சி வரலாறாக எழுதியோர் உளர். பெண் விடுதலை வரலாற்றின் ஓர் அத்தியாயமாக எழுதியோரும் உளர். இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் கிழங்கைத் தோண்டியவர்கள் இவற்றுள் எதிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. கெரி கெரெபி 1983இல் வெளியிட்ட நூல் மெக்சிக்கோவின் ஸ்டெரொயிட் கைத்தொழிலைச் சார்புநிலைக் கோட்பாட்டின் வழிநின்று ஆராய்ந்தது. கபிரியேலா சோட்டோ லவேகா 2009இல் வெளியிட்ட நூலே தோண்டியவர்களின் வாழ்க்கையை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. அவ்விரு நூல்களும் திறந்த வழியில் நின்று ஒரு வினாவை இங்கு எழுப்ப விரும்புகின்றோம். உலகத்துக்கே மூலப்பொருளை வழங்கிய ஒரு நாடு அம்மூலப்பொருளாற் பலம் பெறாமற் போனது எவ்வாறு? மூலப்பொருள் எவர் கையில் உள்ளதோ பேரம்பேசும் ஆற்றலும் அவர் கையிலேயே உள்ளது என்பது 1970களில் மூன்றாமுலக நாடுகள் பலவற்றின் நம்பிக்கையாக இருந்தது. எண்ணெய் அந்நம்பிக்கைக்கு உரமூட்டியது. கிழங்கின் வரலாறோ வேறுவிதமாக அமைந்தது.

2

ஓமோன்கள் உடலில் மிக நுண்ணிய அளவிலேயே சுரப்பவை. ஆகவே அவற்றை விலங்குகளிலிருந்து பிரித்தெடுத்த காலத்தில் அவை மருந்து என்பதைவிட அரும்பொருள் என்றே கொள்ளத்தக்கனவாய் இருந்தன. 1934இல் ஜேர்மானியரான அடோல்ப் பூட்டெனான்ட் ஏறத்தாழ 50,000 பெண்பன்றிகளின் சூலகங்களிலிருந்து 20 மில்லிகிராம் அளவு புரோஜெஸ்தரோனையே பெற முடிந்தது. கருப்பையைக் கர்ப்பத்துக்கு ஆயத்தப்படுத்துவதும், கர்ப்பம் நிலைக்கச் செய்வதும், கர்ப்ப காலத்தில் மீண்டும் சூல் வெளிப்படாது தடுப்பதும் புரோஜெஸ்தரோனின் தொழில்கள். அடுத்தடுத்துக் கருச்சிதைவுக்கு ஆளாகும் பெண்களுக்கு அதனை ஊசிமூலம் ஏற்றலாம் என வைத்தியர்கள் எண்ணினர். ஆனால் அதனை வாங்கக்கூடியவர்கள் சிலரே.

இவ்வோமோன்கள் யாவும் ஒரே எலும்புக்கூட்டின்மீது கட்டப்பட்டவை. நான்கு காபன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய அமைப்பு அது. கொலஸ்திரோல், பித்த அமிலங்கள், ஆண் பெண் பாலோமோன்கள், அதிரீனற் சுரப்பியின் ஓமோன்கள் ஆகிய அனைத்திலும் இவ்வமைப்பைக் காணலாம். எனவே மலிவான ஒரு பொருளில் இவ்வெலும்புக்கூடு கிடைக்குமாயின், அதன் ஓரங்களைச் செதுக்கி வேண்டிய ஓமோனாக மாற்ற முடியும். 1930களில் ஐரோப்பியக் கம்பனிகள் கொலஸ்திரோலை அவ்வாறு பயன்படுத்தின. பேர்லினின் ஷேரிங், பாசலின் சீபா, ஒல்லாந்தின் ஓர்கனொன் முதலியன தம்முள் உடன்பட்டு ஆக்கவுரிமைகளையும் சந்தைகளையும் பங்கிட்டுக்கொண்டன. விஞ்ஞானம் சர்வதேசியமானது என்று பேசப்பட்ட அதே பத்தாண்டில், அதன் பயன்கள் நாலைந்து கம்பனிகளின் உடன்படிக்கைக்குள் அடைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் மூண்டதும் அவ்வுடன்படிக்கையும் தளர்ந்தது.

3

பென்சில்வேனியா அரச கல்லூரியில் ஆய்வுசெய்த ரசல் மார்க்கர் இந்த இடத்திலேதான் கதைக்குள் வருகிறார். கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வை முடித்தும், தேவையற்றது எனத் தான் கருதிய ஒரு பாடத்தைப் படிக்க மறுத்துப் பட்டமின்றியே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர் அவர். தாவரங்களிலுள்ள சப்போஜெனின் என்ற வகைப் பொருள்களிலும் அந்த நான்கு வளைய எலும்புக்கூடு இருப்பதையும், அதில் ஒட்டியுள்ள பக்கத்தொடரை வெட்டி நீக்க இயலும் என்பதையும் 1930களின் இறுதியில் அவர் நிறுவினார். அவ்வகைப் பொருள்களுள் ஒன்றான டயோஸ்ஜெனினிலிருந்து சில படிகளிலேயே புரோஜெஸ்தரோன் கிடைத்தது. டயோஸ்ஜெனினை முதலில் ஜப்பானிய ஆய்வாளரே 1936இல் அந்நாட்டு வள்ளியினமொன்றில் இனங்கண்டிருந்தனர். மார்க்கர் தேடியது டயோஸ்ஜெனின் மிகுதியாக உள்ள ஒரு தாவரத்தை. ஒரு தாவரவியல் நூலில் மெக்சிக்கோவின் வள்ளியினமொன்றின் படத்தைக் கண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்நாட்டு மொழி தெரியாமலே புறப்பட்டார்.

வெராகுரூஸ் மாநிலத்தில் ஒரிசபாவுக்கும் கொர்தோபாவுக்கும் இடையே, சாலை ஓர் ஆற்றைக் கடக்குமிடத்தில், அல்பேர்ட்டோ மொரெனோ என்பவரின் சிறிய கடையொன்று இருந்தது. மார்க்கர் தேடிய கிழங்கு மொரெனோவுக்குத் தெரிந்த கிழங்கு. அப்பகுதியினர் அதனைக் 'கறுப்பன் தலை' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். மொரெனோ மறுநாளே இரு கிழங்குகளைக் கொணர்ந்து கொடுத்தார். அக்கிழங்குகள் களவுபோனதும், பொலிஸ்காரருக்குக் காசு கொடுத்து ஒன்றை மீட்டதும் மார்க்கரே பிற்காலத்திற் கூறியவை.

இக்கதை எழுதப்பட்டு வந்துள்ள முறை இலக்கிய மாணவர்க்கு நன்கு அறிமுகமானது. தன்னேரில்லாத் தலைவன் ஒருவன், கடத்தற்கரிய காடு, இடையூறு, அரும்பொருளுடன் மீளுதல். காப்பிய அமைப்பின் உறுப்புகள் அனைத்தும் இதில் உள. இத்தகைய கதையில் வழிகாட்டுபவனுக்கு ஒரு காட்சி மாத்திரமே உண்டு. மொரெனோவின் அறிவு, எந்தக் கொடியின் கீழ் எத்தகைய கிழங்கு இருக்கும் என்ற அறிவு, 'உள்ளூர்த் தகவல்' எனக் கணிக்கப்பட, மார்க்கரின் அறிவோ கண்டுபிடிப்பு எனப்பட்டது. மார்க்கரின் இரசாயனத் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. இருவரின் அறிவுக்கும் வெவ்வேறு பெயர் இடப்பட்டமையே கூலிக்கும் இலாபத்துக்கும் இடையிலான வேறுபாட்டின் தொடக்கம் என்பதே எமது கருத்து.

மார்க்கரின் ஆய்வுக்குப் பணம் அளித்துவந்த பார்க்-டேவிஸ் கம்பனி மெக்சிக்கோவில் முதலீடு செய்ய மறுத்தது. அவர் தமது சேமிப்பிற் பாதியை எடுத்துக்கொண்டு 1942இல் மீண்டும் சென்றார். ஏறத்தாழ பத்துத் தொன் கிழங்கைச் சேகரித்து, நறுக்கி, வெயிலில் உலர்த்தி, அதன் சாற்றிலிருந்து மூன்று கிலோகிராமுக்கும் மேற்பட்ட புரோஜெஸ்தரோனை ஆக்கினார். அன்று ஒரு கிராமின் விலை 80 டொலர். 50,000 பன்றிகளை நினைவிற்கொண்டால் இந்த மூன்று கிலோவின் பொருள் விளங்கும்.

4

மெக்சிக்கோ நகரிலே ஹங்கேரியரான எமெரிக் சொம்லோவும் ஜேர்மானியரான பெடெரிக்கோ லேமானும் ஒரு சிறிய ஓமோன் ஆய்வுகூடம் நடத்தினர். மார்க்கர் அவர்களுடன் சேர்ந்து 1944இல் சின்டெக்ஸ் கம்பனியைத் தொடங்கினார். ஓராண்டு கழிந்ததும் பிணங்கி விலகினார். தம் செய்முறையின் திறவுகோலையும் உடன் கொண்டுசென்றார். புட்டிகளின்மீது பெயர்களுக்குப் பதிலாகக் குறிகளே இருந்தன. அடுத்துத் தாம் தொடங்கிய கம்பனியில் 'கறுப்பன் தலை'யைக் கைவிட்டு, ஏறத்தாழ ஐந்து மடங்கு டயோஸ்ஜெனின் உள்ள பார்பாஸ்கோ என்ற மற்றோரினத்தை அவர் பயன்படுத்தினார். அதன்பின் அக்கைத்தொழில் முழுவதும் பார்பாஸ்கோவையே நம்பி நின்றது. மார்க்கர் 1949இல் இரசாயனத்தையே துறந்தார்.

சின்டெக்ஸ் அவருக்குப் பதிலாகக் கொணர்ந்த ஜோர்ஜ் ரோசென்கிரான்ஸ் ஹங்கேரிய யூதர். சூரிச்சிற் கற்று, போர்க்காலத்திற் கியூபாவில் தங்க நேர்ந்தவர். 1949இல் வந்துசேர்ந்த கார்ல் ஜெராசி வியன்னாவிலிருந்து பாசிசத்துக்குத் தப்பி ஓடியவர். ஐரோப்பாவின் அறிவுச் செல்வம் அகதியாகி மெக்சிக்கோவை அடைந்திருந்தது. அவர்கள் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று உள்ளூர் மாணவரை ஆய்வுகூடத்துக்குள் அழைத்தமை. அவ்வாறு வந்தவருள் ஒருவரே லூயிஸ் மிராமொன்டெஸ். 1925இல் தெப்பிக் நகரிற் பிறந்த அவர், அப்போது தமது முதற் பட்டத்துக்குரிய ஆய்வைச் செய்துகொண்டிருந்தார்.

அவர்கள் எதிர்நோக்கிய பிரச்சினை இது: இயற்கைப் புரோஜெஸ்தரோனை வாயால் உட்கொண்டால் ஈரல் அதனைச் சிதைத்துவிடும், ஆகவே ஊசிமூலமே ஏற்ற வேண்டும். ஓமோனைப்போல் தொழிற்படவும் வேண்டும், ஓமோனைப்போல் அழியவும் கூடாது. மூலக்கூறின் குறிப்பிட்ட ஓரிடத்தில் அசற்றலீன் கூட்டமொன்றைச் சேர்த்தால் அது ஈரலைத் தாக்குப்பிடிக்கும் என்பதனை ஜேர்மானியரான இன்ஹொபன் 1938இல் காட்டியிருந்தார். வேறோரிடத்திலுள்ள ஒரு காபன் அணுவை அகற்றினால் புரோஜெஸ்தரோனின் வீரியம் குறையாது என்பது மற்றொரு பரிசோதனையிலிருந்து பெறப்பட்டது. இவ்விரு மாற்றங்களையும் ஒரே மூலக்கூறிற் செய்ததன் பயனே நொரெதிஸ்தரோன். இயற்கையில் எங்கும் இல்லாத பொருள்; ஆயினும் உடல் அதனைத் தன் ஓமோனாகவே ஏற்றுக்கொள்ளும்.

அந்த இறுதிப்படியைச் செய்து தமது குறிப்பேட்டில் 1951 ஒக்டோபர் 15 எனத் திகதியிட்டவர் மிராமொன்டெஸ். ஆக்கவுரிமைப் பத்திரத்தில் ஜெராசி, மிராமொன்டெஸ், ரோசென்கிரான்ஸ் ஆகிய மூவரின் பெயர்களும் உள. பின்னாளில் நாவல்களும் நாடகங்களும் தன்வரலாறுகளும் எழுதிப் புகழ்பெற்ற ஜெராசி தம்மை மாத்திரையின் தாய் எனக் கூறிக்கொண்டார். எழுத்து வன்மை உடையவனின் பெயரே வரலாற்றில் நிலைக்கிறது என்பதற்கு இலக்கிய உலகிலிருந்து மாத்திரம் உதாரணம் தேட வேண்டியதில்லை.

5

இம்மூலக்கூறு பிறந்தபோது எவரும் கருத்தடை பற்றிப் பெரிதாக எண்ணவில்லை. அன்றைய பரபரப்பு முழுவதும் கோட்டிசோன் பற்றியதே. ஐக்கிய அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவர் 1948 செப்டெம்பரில் கடும் மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்கு இதனை ஊசிமூலம் ஏற்றினார். சில நாட்களுள் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அவ்வாய்வுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மேர்க் கம்பனி அதனை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளிற் செய்துவந்தது. ஒரு வருடத்துக்கு ஒரு நோயாளியைப் பராமரிக்க எத்தனை மாடுகள் வேண்டும் என்ற கணக்கே அன்று பேசப்பட்டது. 1951இல் சின்டெக்ஸ் கிழங்கிலிருந்து கோட்டிசோனை ஆக்கிக் காட்டியது. அடுத்த ஆண்டு அப்ஜோன் கம்பனி மற்றொரு வழி கண்டது. புரோஜெஸ்தரோனில் வேண்டிய இடத்தில் ஓர் ஒட்சிசன் அணுவை இணைக்கும் கடினமான வேலையை, பாண் மீது பூக்கும் பூஞ்சணத்தின் இனமொன்று இலகுவாகச் செய்தது. ஆகவே அப்ஜோனுக்குப் புரோஜெஸ்தரோன் தேவைப்பட்டது. கிராம் கணக்கில் அன்று, தொன் கணக்கில். ஒரு காலத்தில் 80 டொலருக்கு விற்ற கிராம் அரை டொலருக்கும் கீழே இறங்கியது. மெக்சிக்கோக் காடுகள் இவ்வாறுதான் உலக மருந்துச் சந்தையின் மூலப்பொருட் களஞ்சியமாயின.

தொன் கணக்கில் புரோஜெஸ்தரோன் என்றால் ஆயிரம் தொன் கணக்கில் கிழங்கு. அதனைத் தோண்டியவர் யார்? வெராகுரூஸ், ஒஹாகா, தபாஸ்கோ, சியாப்பாஸ் முதலிய மாநிலங்களின் ஏழை விவசாயிகள். ஒஹாகாவின் துஷ்தெபெக் பிரதேசம் அத்தொழிலின் மையங்களுள் ஒன்று. சினன்தெக், மசத்தெக் முதலிய ஆதிக்குடிகள் வாழும் நிலம் அது. அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1955இல் முடிவுற்ற பெரிய அணையொன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மசத்தெக் மக்களை அவர்தம் நிலத்திலிருந்து அகற்றியது. சோளம் விளைவித்து உண்டு, கோப்பித் தோட்டங்களிற் பருவக்கூலி செய்து வாழ்ந்தோருக்குக் கையில் காசு கிடைக்கும் வழிகள் மிகச் சிலவே. பார்பாஸ்கோ அவற்றுள் ஒன்றாயிற்று.

தோண்டும் வேலையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். கொடி மரத்தின்மேல் ஏறிப் படர்ந்திருக்கும். இலை இதய வடிவினது. அதே இலை வடிவுடைய வேறு கொடிகளும் காட்டில் உண்டு. அவற்றின் கிழங்கில் டயோஸ்ஜெனின் குறைவு அல்லது இல்லை. வயது முதிராத கிழங்கும் பயனற்றது. ஆகவே எந்தக் கொடி, எத்தனை ஆண்டுக்கொடி, எந்த மண் என்பன தெரிந்தவரே தோண்ட முடியும். கூரிய கோலாலும் கத்தியாலும் மண்ணைக் கிளறி, கிழங்கை எடுத்து, சாக்கில் நிரப்பி, பாதை உள்ள இடம்வரை முதுகிற் சுமந்து வர வேண்டும். விஷப்பாம்புகள் நிறைந்த ஈரக்காடு. அங்கே நிறுவைக்காரர் காத்திருப்பார். நிறுவை அவருடையது, விலையும் அவர் சொல்வதே. கொள்முதல் செய்யப்பட்ட கிழங்கு அரைக்கப்பட்டுத் தொட்டிகளிற் புளிக்கவைக்கப்படும். பின்னர் சீமெந்துத் தளத்திற் பரப்பி உலர்த்தப்படும். வெயில் இல்லாத நாட்களில் மா பழுதாகும். உலர்ந்த மாவே லொறியில் ஏறித் தலைநகரின் ஆய்வுகூடத்தை அடைந்தது.

கிழங்கை வெட்டி எடுக்கும் அனுமதி அரச திணைக்களத்தால் வழங்கப்பட்டது. அவ்வனுமதி தோண்டியவனுக்குக் கிடைக்கவில்லை, இடைத்தரகனுக்கே கிடைத்தது. இடைத்தரகன் பெரும்பாலும் அவ்வூரிற் கடையும் கடனும் வைத்திருந்தவனே. ஆதலால் மிக நவீனமான இரசாயனக் கைத்தொழில் ஒன்று மிகப் பழைமையான சுரண்டல் உறவின்மீது அமர்ந்திருந்தது. ஒரு முனையில் நிறமாலைமானி. மறுமுனையில் கடன் கொப்பி. முதலாளித்துவம் தன் வழியிலுள்ள பழைய உறவுகள் அனைத்தையும் ஒழித்துவிடும் என எதிர்பார்ப்போருக்கு இவ்வுதாரணம் பாடமாக அமையத்தக்கது. ஒழிப்பது இலாபமாயின் ஒழிக்கும், பேணுவது இலாபமாயின் பேணும்.

தோண்டியவர்களுட் பலருக்குக் கிழங்கு எதற்குப் பயன்படுகிறது என்பது தெரியாது. மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு தோண்டுபவன், தன்னைக் குணப்படுத்தக்கூடிய பொருளின் மூலத்தைத் தன் முதுகிற் சுமந்தும் அதனை அறியாதிருக்கலாம். அந்நியமாதல் என்ற எண்ணக்கருவை விளக்க ஆலைத் தொழிலாளியை உதாரணம் காட்டுவது வழக்கம். ஆலைத் தொழிலாளி தான் செய்வது சட்டையா சப்பாத்தா என்றாவது அறிவான்.

6

கருத்தடை மாத்திரையின் கதை மெக்சிக்கோவுக்கு வெளியே நிகழ்ந்தது. அதனை இங்கு சுருக்கமாகவே கூறலாம். மார்கரெட் சாங்கரின் தூண்டுதலும் கத்தரின் மக்கோர்மிக்கின் செல்வமும் கிரெகரி பின்கஸ் என்ற ஆய்வாளரின் முயற்சிக்கு ஆதாரமாயின. அவர் தெரிந்தெடுத்தது நொரெதிஸ்தரோனை மிக ஒத்த, சேர்ல் கம்பனியின் பொருள். பெருமளவான மனிதப் பரிசோதனை 1956 ஏப்ரிலில் புவேர்ட்டோ ரிக்கோவில், ரியோ பியெத்ராஸ் என்ற இடத்து அரச குடியிருப்பொன்றில் வாழ்ந்த ஏழைப் பெண்களிடையே தொடங்கிற்று. கருத்தடைக்கு எதிரான சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருந்தமையும், ஆய்வாளரின் பார்வையில் அத்தீவின் வறுமை ஒரு வசதியாகத் தென்பட்டமையும் அவ்விடத் தெரிவுக்குக் காரணங்கள். ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம் வரையில் மருந்து இருந்தது. இன்று வழங்கும் நொரெதிஸ்தரோன் கருத்தடை மாத்திரைகளில் உள்ளது ஒரு மில்லிகிராம் அல்லது அதிலும் குறைவு. பரிசோதனையை நேரில் நடத்திய டொக்டர் எட்ரிஸ் றைஸ்-றே, 17 வீதமான பெண்களுக்குக் குமட்டல், தலைச்சுற்று, தலையிடி, வாந்தி முதலியன ஏற்பட்டதாக அறிவித்தார். மருந்து பயன் தருகிறது என்றும், பக்கவிளைவுகள் ஏற்கத்தக்க அளவுக்கு மேற்பட்டவை என்றும் அவர் எழுதினார். பின்கஸ் அவற்றைப் பெரும்பாலும் மனப்பிரமை எனத் தள்ளினார். அமெரிக்க அரசு அம்மாத்திரையை 1957இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் 1960இல் கருத்தடைக்கும் அனுமதித்தது.

நொரெதிஸ்தரோனும் 1957இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாகச் சந்தைக்கு வந்தது. விற்றது பார்க்-டேவிஸ், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் மார்க்கரை நம்பி முதலிட மறுத்த அதே கம்பனி. மெக்சிக்கோவிலோ கருத்தடைப் பிரசாரத்தைத் தடுத்த சட்டவிதி 1973 வரை நிலைத்திருந்தது. கிழங்கைக் கொடுத்த நாட்டின் பெண்களுக்கு அதன் பயன் இறுதியிலேயே வந்தது.

கருத்தடை மாத்திரை பெண்களுக்கு அளித்த சுதந்திரத்தைப் புவேர்ட்டோ ரிக்கோவின் பெயரால் மறுப்பது பிழையான வாதம். எமது முற்போக்காளர் சிலர் ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயரில் மதபீடங்களின் வாதங்களை வழிமொழிந்ததும் உண்டு. ரியோ பியெத்ராஸ் பெண்கள் அப்பரிசோதனைக்கு விரும்பியே வந்தனர். அடுத்த பிள்ளை வேண்டாம் என்பது அவர்களின் சொந்தத் தேவை. அத்தேவையைக் காட்டி அவர்களிடம் மறைக்கப்பட்டவை எவை என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

7

சின்டெக்ஸ் மெக்சிக்கோவின் கம்பனி என்ற நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. கிழங்கையும் அதன் இடைநிலைப் பொருள்களையும் ஏற்றுமதி செய்வதை மெக்சிக்கோ அரசு கட்டுப்படுத்தியது. அதனாற் பயன்பெற்றது சின்டெக்ஸ். அமெரிக்கக் கம்பனிகள் முறையிட்டன. 1956இல் அமெரிக்க செனற் உபகுழுவொன்று 'அதிசய மருந்துகள்' பற்றி விசாரணை நடத்தி, சின்டெக்ஸின் ஏகபோகத்தை ஆராய்ந்தது. அதில் சாட்சியமளித்தவருள் பேர்சி ஜூலியன் ஒருவர். சோயா அவரையிலிருந்து ஓமோன்களை ஆக்கிய பேராற்றல் வாய்ந்த கறுப்பின இரசாயனவியலாளர் அவர். கிழங்கு பெறும் அனுமதி தமக்கு மறுக்கப்பட்டதென அவர் முறையிட்டார். அவர் முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. ஆயினும் ஐரோப்பியக் கம்பனிகள் தம்முள் உலகைப் பங்கிட்டபோது உடன்படிக்கை எனப்பட்டது, மெக்சிக்கோ தன் கிழங்குக்கு வேலியிட்டபோது ஏகபோகமாயிற்று என்பதை இவ்விடத்திற் குறிக்காமல் இருக்க இயலாது. அதே ஆண்டில் சின்டெக்ஸ் அமெரிக்க முதலீட்டாளரின் கைக்கு மாறியது. கம்பனியின் பதிவு பனாமாவுக்கும், தலைமையகம் பின்னர் கலிபோர்ணியாவின் பாலோ ஆல்ட்டோவுக்கும் பெயர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் மெக்சிக்கோவின் ஸ்டெரொயிட் கைத்தொழிலின் முக்கிய கம்பனிகள் யாவும் அந்நிய உடைமைகளாகிவிட்டன. மெக்சிக்கோவில் எஞ்சியவை கிழங்கும் முதற்படிகளும். மருந்தாக்கமும் விலை நிர்ணயமும் ஆய்வும் வெளியேறின.

1975இல் ஜனாதிபதி லூயிஸ் எச்செவெரியாவின் அரசு புரொக்கிவெமெக்ஸ் என்ற அரச கம்பனியை நிறுவியது. கிழங்கைத் தோண்டுவோரிடமிருந்து நேரே வாங்குவது, அந்நியக் கம்பனிகளுக்கு உயர்ந்த விலைக்கு விற்பது, காலப்போக்கில் தானே மருந்து ஆக்குவது என்பன அதன் நோக்கங்கள். எச்செவெரியாவின் அரசை முற்போக்கு அரசு எனக் கொண்டாட நாம் தயாரில்லை. 1968இல் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது உள்நாட்டமைச்சர் அவரே. கிராமப்புறக் கொந்தளிப்பைத் தணிக்கும் உபாயமாகவும் இக்கம்பனி அமைந்தது. எனினும் அதன் செயற்பாட்டில் ஓர் அம்சம் அரசின் உள்நோக்கத்தைக் கடந்து சென்றது. கிழங்கு என்ன, அதிலுள்ள பொருள் என்ன, அது எந்த மருந்தாகிறது என்பதனைத் தோண்டுவோருக்கே கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. எழுதப் படிக்க அறியாதவர்களும் இரசாயனவியலின் சொற்களைத் தமதாக்கினர். பதப்படுத்தும் நிலையங்களைத் தாமே நடத்தக் கற்றனர். துஷ்தெபெக் மக்கள் அக்காலத்தை நினைவுகூர்வதைச் சோட்டோ லவேகா பதிவுசெய்துள்ளார். கிழங்கின் விலை உயர்ந்ததைவிட, தாம் தோண்டியது இன்னதென்று அறிந்தமையே அவர்களின் சமூக மதிப்பை மாற்றியது.

அந்நியக் கம்பனிகள் புதிய விலையை ஏற்க மறுத்தன, கொள்முதலைக் குறைத்தன. கையிருப்பு அவர்களிடம் இருந்தது. அதைவிட முக்கியமாக, மாற்றுவழிகளும் இருந்தன. அப்ஜோன் சோயா எண்ணெயின் எஞ்சிய பொருளிலிருந்து ஓமோன் ஆக்கும் முறையை வளர்த்திருந்தது. பிரித்தானியக் கம்பனியான கிளாக்ஸோ கிழக்காபிரிக்காவின் சணற்கற்றாழைச் சாற்றைப் பயன்படுத்தியது. தாவரங்களில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டெரோல்களை நுண்ணுயிர்களைக் கொண்டு அரிக்கச் செய்யும் முறையும் 1970களில் நடைமுறைக்கு வந்தது. கிழங்கே இல்லாமல் முற்றாக இரசாயன முறையால் ஆக்கும் வழியும் சில மருந்துகளுக்கு இருந்தது. 1950களில் உலகின் ஸ்டெரொயிட் மூலப்பொருளில் மிகப்பெரும் பகுதியை வழங்கிய மெக்சிக்கோ, 1980களில் ஒரு சிறு பங்காளியாகச் சுருங்கியது.

எண்ணெயும் கிழங்கும் வேறுபடும் இடம் இதுவே. எண்ணெய்க்கு அன்று மாற்று இல்லை. கிழங்கிலிருந்து பெறப்பட்டதோ ஓர் எலும்புக்கூடு மாத்திரமே. அவ்வெலும்புக்கூட்டை வேறிடத்திற் தேடும் ஆற்றல், ஆய்வுகூடத்தையும் ஆக்கவுரிமையையும் வைத்திருந்தவர்களிடம் இருந்தது. அவ்வாற்றலை வளர்த்ததிலும் கிழங்கால் வந்த இலாபத்துக்குப் பங்குண்டு. தோண்டியவனின் உழைப்பு, அவனையே தேவையற்றவனாக்கும் அறிவாகத் திரும்பி வந்தது.

இதே ஆண்டுகளில் எமது நாட்டில் நிகழ்ந்தவற்றோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடையது. பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. இலங்கையிடம் பார்பாஸ்கோ போன்ற எதுவும் இருக்கவில்லை. பிபிலே பிடித்தது சங்கிலியின் மறுமுனையை. வர்த்தகப் பெயர்களை விலக்கி மருந்துகளின் பொதுப்பெயர்களை வழக்காக்குதல், 2,100 அளவிலிருந்த மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தல், நாட்டுக்குத் தேவையானதை மொத்தமாக உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி வாங்குதல் என்பன அவரது கருவிகள். எந்த மருந்து எந்த மருந்துக்கு ஈடானது, எது வெறும் பெயர்மாற்றம் என்ற அறிவே இக்கொள்கையின் மூலதனம். மூலப்பொருள் இல்லாத நாடு அறிவைக் கொண்டு குறுகிய காலமேனும் விலையைக் குறைக்க முடிந்தது. 1976 ஓகஸ்டில் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு மருந்துகள் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியபோது, மெக்சிக்கோவில் கிழங்கின் விலைப்போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1977இல் இங்கு ஆட்சி மாறியது. மருந்து இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவிற் காலமானார். மெக்சிக்கோவில் 1976 திசெம்பரில் வந்த புதிய ஜனாதிபதி புரொக்கிவெமெக்ஸின் கோரிக்கைகளைக் கைவிட்டார். பெயரளவில் வாழ்ந்த அக்கம்பனியும் 1980களின் பிற்பகுதியில் முடிவுக்கு வந்தது.

1994இல் சுவிற்சலாந்தின் றோஷ் கம்பனி 530 கோடி டொலருக்குச் சின்டெக்ஸை விலைக்கு வாங்கியது. துஷ்தெபெக் பிரதேசத்திற் பதப்படுத்தும் நிலையங்கள் கைவிடப்பட்டன. காடுகளின் பெரும்பகுதி வெட்டப்பட்டு மாட்டுப் புற்றரையாகியது. டயோஸ்ஜெனின் உற்பத்தி நின்றுவிடவில்லை. அதன் பிரதான இருப்பிடம் இப்போது சீனா. ஹூபெய், ஷான்சி மாகாணங்களின் மலைச்சாரல்களில் வேறொரு வள்ளியினம் பயிரிடப்படுகிறது. அமிலத்தில் அவித்து டயோஸ்ஜெனினைப் பிரித்த பின்னர் வெளியேறும் கழிவுநீர் ஹான் ஆற்றுப் படுகையை மாசுபடுத்தியமை பற்றிச் சீன ஆய்வாளரே எழுதியுள்ளனர். அங்கு அக்கிழங்கைப் பயிரிடும் விவசாயிகளைப் பற்றிய நூல் தமிழுக்கு இன்னும் வந்துசேரவில்லை.